புது நாட்டில் வேலை: எதை முதலில் முடிப்பது, எதைத் தள்ளிப்போடுவது

வெளிநாட்டு வேலை கிடைத்து என்னிடம் பேச வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி: "முதல் மாதச் சம்பளம் எந்தக் கணக்கில் விழப்போகிறது?" பெரும்பாலானவர்கள் முழிப்பார்கள். பெட்டியில் எத்தனை கிலோ, விமானத்தில் எந்த இருக்கை என்பதுவரை யோசித்து வைத்திருப்பவர்கள் இதை மட்டும் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்கள்.

நிறுவனங்கள் வேறு நாட்டிலிருந்து எடுக்கும் ஊழியர்களுக்கு வீடு, பதிவு, வங்கி, பள்ளி என்று ஏற்பாடு செய்து குடியமர்த்துவதுதான் என் வேலை. இதில் பார்த்தவரை, புதிதாக வருகிறவர்கள் திணறுவதற்குப் பணத்தட்டுப்பாடு அவ்வளவு காரணமாக இருப்பதில்லை. வரிசை தெரியாததுதான் காரணம். வங்கிக் கணக்குக்கு முகவரிச் சான்று கேட்பார்கள். வீட்டுக்காரர் சம்பளச் சீட்டு கேட்பார். சம்பளம் போட வங்கிக் கணக்கு வேண்டும். கணக்கு திறக்க உள்ளூர் போன் எண் வேண்டும், போன் இணைப்புக்கு வங்கிக் கணக்கு வேண்டும். சிக்கு விழுந்த நூல்கண்டில் நுனியைத் தேடுவது போலத்தான் இதுவும். அந்த நுனி முக்கால்வாசி நாடுகளில் முகவரி. அதை எப்படிப் பிடிப்பது என்பதைச் சுற்றித்தான் மற்ற எல்லாம்.

## கையெழுத்துப் போடும் முன்

ஆஃபர் லெட்டரில் கொட்டை எழுத்தில் இருக்கும் சம்பளம் பிடித்தங்களுக்கு முந்தையது. வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எல்லாம் போய்க் கைக்கு எவ்வளவு வரும் என்று எச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். ஜெர்மனியில் தனியாளுக்குச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிடித்தத்தில் போவது சாதாரணம். ஐக்கிய அரபு அமீரகத்தில் சம்பளத்துக்கு வருமான வரியே கிடையாது. ஆகவே இரண்டு நாட்டு வேலைகளை மொத்தச் சம்பளத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டுப் பயனில்லை.

குடிமாற்றச் செலவு பற்றிய பத்தியைத் தேடிப் படியுங்கள். டிக்கெட்டும் முதல் மாதத் தங்குமிடமும் நிறுவனம் கொடுத்திருக்கும். ஓராண்டுக்குள்ளோ இரண்டாண்டுக்குள்ளோ விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும் என்று கீழே ஒரு வரி இருக்கும். வேலை செய்த மாதங்களைக் கழித்துக்கொண்டு மீதியைக் கேட்பார்களா, முழுத்தொகையையும் கேட்பார்களா? நிறுவனமே ஆட்குறைப்பு செய்தாலும் இது பொருந்துமா? இந்த இரண்டையும் தெளிவுபடுத்தி எழுதச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை பல நிறுவனங்கள் மறுப்பதில்லை, கேட்கிற ஆட்கள்தான் குறைவு.

அடுத்து, வேலை போனால் விசாவுக்கு என்ன ஆகும் என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் எச்-1பி விசாவில் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். பிரிட்டனின் ஸ்கில்டு வொர்க்கர் விசாவிலும் பொதுவாக 60 நாள்தான். சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் ரத்தானால் 30 நாள். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீல அட்டை (திறன்மிகு ஊழியர்களுக்கான வேலை அனுமதி) வைத்திருப்பவர்களுக்கு 2021-ஆம் ஆண்டு விதிகள் மூன்று மாதம் வேலையில்லாமல் இருக்க இடம் தருகின்றன, இரண்டாண்டுக்கு மேல் அட்டை வைத்திருந்தால் ஆறு மாதம். எவ்வளவு சேமிப்போடு கிளம்ப வேண்டும் என்பதை இந்த அவகாசத்தை வைத்து முடிவு செய்யுங்கள். அத்தனை நாள் வாடகையும் சாப்பாடும், கூடவே திரும்பும் டிக்கெட்டும். அதற்குக் குறைவாக வைத்துக்கொண்டு கிளம்புகிறவர்களைக் கொஞ்சம் பொறுங்கள் என்றுதான் சொல்வேன்.

கணவனோ மனைவியோ கூட வருவதாக இருந்தால், அவர்களுடைய விசாவில் வேலை செய்ய அனுமதி உண்டா என்று இதே கட்டத்தில் கேளுங்கள். நாட்டுக்கு நாடு, விசாவுக்கு விசா இது மாறும். போய்ச் சேர்ந்து எட்டு மாதம் கழித்து இதைத் தெரிந்துகொண்ட குடும்பங்களில் நடக்கும் சண்டையைத் தீர்த்துவைக்க என்னால் முடிவதில்லை.

ஏஜென்ட் மூலம் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 181-ஆம் உடன்படிக்கை (1997), ஆளெடுக்கும் தனியார் நிறுவனங்கள் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதைப் பொது விதியாக வைக்கிறது. எல்லா நாடும் அதில் கையெழுத்திடவில்லை. ஆனாலும் "விசா வந்ததும் மீதிப் பணம்" என்று பேசுகிறவரிடம் எச்சரிக்கையாக இருக்க இது போதுமான காரணம். இரண்டாவது, போய் இறங்கியதும் பாதுகாப்புக்காகப் பாஸ்போர்ட்டைக் கொடுங்கள் என்று முதலாளி கேட்டால் கொடுக்காதீர்கள். விசா ஒட்டவோ பதிவுக்கோ வாங்கினால் ரசீது வாங்கிக்கொண்டு, என்றைக்குத் திரும்பக் கிடைக்கும் என்று கேளுங்கள். கிளம்பும் முன் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பிரதியும் உங்களிடம் இருக்க வேண்டும். இறங்கியபின் வேறு ஒப்பந்தத்தை நீட்டினால் வரிக்கு வரி ஒப்பிட அது வேண்டும்.

## காகிதங்களும் பெயரும்

பட்டச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழ். இவற்றை இன்னொரு நாட்டு அலுவலகம் நம்புவதற்கு உங்கள் நாட்டு அரசின் முத்திரை வேண்டும். 1961-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்திருக்கும் 120-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குள் அப்போஸ்டில் என்ற ஒரே முத்திரை போதும். சவூதி அரேபியா 2022-இலும், சீனா 2023-இலும், கனடா 2024-இலும்தான் இதற்குள் வந்தன. அதனால் அங்கே முன்பு போன நண்பர் சொல்லும் வழி இப்போது பழசாகியிருக்கும். உடன்படிக்கையில் இல்லாத நாடு என்றால் அந்த நாட்டுத் தூதரகம்வரை போய் அட்டெஸ்டேஷன் வாங்க வேண்டும். இதில் ஒரு நெளிவும் உண்டு. ஒரு நாடு சேர்ந்ததை இன்னொரு நாடு ஆட்சேபித்திருந்தால், இரண்டுமே பட்டியலில் இருந்தாலும் அவற்றுக்கிடையே அப்போஸ்டில் செல்லாது. போகும் நாட்டின் தூதரக இணையதளத்தில் இதைப் பார்த்துவிட்டுத்தான் முத்திரைக்குப் பணம் கட்ட வேண்டும்.

சான்றிதழ் எந்த நாட்டில் வழங்கப்பட்டதோ அந்த நாட்டில்தான் இந்த முத்திரை கிடைக்கும். அங்கே போய் உட்கார்ந்துகொண்டு இங்கே ஆளைத் துரத்துவது கொடுமை. அதனால் குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள். நன்னடத்தைச் சான்றிதழை மட்டும் கடைசியில் வாங்குங்கள், அதன் ஆயுள் சில மாதங்கள்தான்.

பெயர் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பாஸ்போர்ட்டில் உங்கள் படம் இருக்கும் பக்கத்தின் அடியில் இரண்டு வரிகள் இருக்கும். வரிக்கு 44 எழுத்து, இடைவெளி வர வேண்டிய இடமெல்லாம் கோணக்குறி (<). முதல் வரியில் நாட்டுக் குறியீட்டை அடுத்துக் குடும்பப்பெயர், இரண்டு கோணக்குறி, அப்புறம் சொந்தப் பெயர். விமான நிறுவனத்திலும் குடியேற்ற மேசையிலும் வங்கிச் செயலியிலும் இருக்கும் இயந்திரம் படிப்பது இந்த வரியைத்தான். வேலை ஒப்பந்தம், வாடகை ஒப்பந்தம், காப்பீடு, சம்பளப் பட்டியல் எல்லாவற்றிலும் அதே பெயர், அதே வரிசையில் இருக்கட்டும். வழக்கத்தில் இருக்கும் சுருக்கப் பெயரை அலுவலகத்தில் கூப்பிட வைத்துக்கொள்ளலாம், படிவத்தில் வேண்டாம்.

பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குத் தலைவலி கூடுதல். அமெரிக்க விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று அச்சாகி வரும், முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பிறகு அதுவே வங்கி அட்டையிலும் சம்பளச் சீட்டிலும் உங்கள் பெயராக ஏறி உட்கார்ந்துகொள்ளும். பெயரைப் பிரித்துப் புது பாஸ்போர்ட் வாங்க நினைத்தால் விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே வாங்குங்கள். பின்னால் மாற்றினால் விசாவிலிருந்து வரி எண்வரை ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திருத்த வேண்டும்.

நான் வரவேற்ற ஒரு செவிலியருக்குப் பட்டத்தில் ஒரு எழுத்துக்கூட்டல், பாஸ்போர்ட்டில் வேறு. ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். தொழில் பதிவு அலுவலகம் இருவரும் ஒருவரே என்பதற்குச் சான்று கேட்டது. அதை அவர் கிளம்பி வந்த நாட்டில்தான் வாங்க முடியும். அது வந்து சேரும்வரை அவரால் வார்டில் செவிலியராக நிற்க முடியவில்லை, உதவியாளர் சம்பளத்தில் இருந்தார். உங்கள் சான்றிதழ்களை ஒரு மேசையில் பரப்பி வைத்து, பெயரையும் பிறந்த தேதியையும் விரல் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் நோட்டரி உறுதிமொழியை இப்போதே எழுதி, அதற்கும் முத்திரை வாங்கிவிடுங்கள்.

## பழைய சிம்மைத் தூக்கிப் போடாதீர்கள்

உங்கள் பழைய வங்கி அனுப்பும் ஓடிபி பழைய எண்ணுக்குத்தான் வரும். ஒருவர் ராத்திரி பத்து மணிக்கு என்னை அழைத்தார். வீட்டு அட்வான்ஸ் அன்றைக்கே அனுப்பியாக வேண்டும், கணக்கில் பணம் இருக்கிறது, சிம் மட்டும் அவர் தம்பியின் மேசை டிராயரில். தம்பி தூக்கத்திலிருந்து எழுந்து, சிம்மைத் தன் போனில் போட்டு, வந்த எண்ணைப் படிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். மறுபடி, மறுபடி. மூன்று முறை தவறியதும் வங்கி கணக்கைப் பூட்டிவிட்டது.

இரண்டு சிம் போடக்கூடிய போன் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய எண்ணில் சர்வதேச ரோமிங்கை இயக்கி, குறுஞ்செய்தி வருகிறதா என்று கிளம்பும் முன் கேட்டு உறுதிசெய்யுங்கள். அந்த எண்ணை உயிரோடு வைத்திருக்க எவ்வளவு நாளுக்கு ஒருமுறை ரீசார்ஜ் செய்ய வேண்டும் என்பதையும் காலண்டரில் குறித்துவிடுங்கள். வங்கி, செயலி வழியாக உறுதிப்படுத்தும் வசதி தந்தால் அதற்கு மாறுவது இன்னும் நல்லது.

மருந்து சாப்பிடுகிறவர்கள் அந்த நாட்டின் சுங்க விதியைப் பார்க்காமல் பெட்டியில் போடாதீர்கள். ஜப்பானில் சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் கலந்த சளி மருந்துக்குத் தடை, ஆம்ஃபெட்டமைன் கலந்த கவனக்குறைபாட்டு (ஏ.டி.எச்.டி.) மருந்துகளுக்கும் தடை. மருத்துவர் சீட்டில் வாங்கும் மற்ற மருந்துகளை ஒரு மாத அளவுக்கு மேல் கொண்டுபோக முன்கூட்டியே அனுமதி வேண்டும். டிராமடால், கோடீன் மாதிரி வலி மருந்துகளுக்கு அமீரகத்தில் அரசின் முன் அனுமதி தேவை. மருத்துவரிடம் கடிதம் வாங்கும்போது கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள், அங்கே அந்தக் கம்பெனி இருக்காது.

வண்டி ஓட்டுவதாக இருந்தால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியைக் கிளம்பும் முன் வாங்க வேண்டும். உரிமம் கொடுத்த நாடுதான் அதைக் கொடுக்கும். 1949 உடன்படிக்கைப்படி ஒன்று, 1968 உடன்படிக்கைப்படி ஒன்று என இரண்டு வகை உண்டு. ஜப்பான் 1949 வகையை மட்டும் ஏற்கிறது. எப்படியும் அது தற்காலிக ஏற்பாடுதான். குடியேறிய பிறகு ஜெர்மனியில் ஆறு மாதமும் பிரிட்டனில் 12 மாதமும் பழைய உரிமம் ஓடும், அதற்குள் உள்ளூர் உரிமம் எடுத்துவிட வேண்டும்.

## முதல் தங்குமிடம்

முதல் சில வாரங்களுக்கு எடுக்கும் தற்காலிக அறையைப் பெரும்பாலானவர்கள் அலுவலகத்துக்கு அருகில், குறைந்த வாடகையில் என்று தேடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு: அந்த முகவரியில் உங்களைக் குடியிருப்பவராகப் பதிவு செய்ய வீட்டுக்காரர் சம்மதிப்பாரா? பல ஹோட்டல்களும் குறுகிய கால அறைகளும் மறுத்துவிடும். பணம் கட்டும் முன் மின்னஞ்சலில் கேட்டு, ஆமாம் என்ற பதிலைச் சேமித்து வையுங்கள். இதற்காக வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்பேன்.

ஏனென்றால் கெடு ஓட ஆரம்பித்திருக்கும். ஜெர்மனியில் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் கட்டாயம். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதாது. நெதர்லாந்தில் நான்கு மாதத்துக்கு மேல் தங்குகிறவர்கள் வந்த ஐந்து நாளுக்குள் நகராட்சியை அணுக வேண்டும். ஜப்பானில் பெரிய விமான நிலையங்களிலேயே குடியிருப்பு அட்டையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். வீடு அமைந்த 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்துக்குப் போனால் அட்டையின் பின்பக்கத்தில் முகவரியை எழுதித் தருவார்கள். துபாயில் வாடகை ஒப்பந்தத்தை எஜாரி என்ற அரசுப் பதிவு முறையில் பதிய வேண்டும், மின்சாரம் தண்ணீர் இணைப்புக்கே அதைக் கேட்பார்கள்.

சந்திப்பு நேரம் முன்பதிவு செய்துதான் போக வேண்டும் என்றால் விமான டிக்கெட் எடுத்த அன்றே முன்பதிவு செய்யுங்கள். பெரிய நகரங்களில் வாரக்கணக்கில் இடம் கிடைக்காது. காலையில் அலுவலகம் திறக்கும் நேரத்தில் இணையதளத்தைத் திரும்பத் திரும்பப் பாருங்கள், ரத்தான நேரங்கள் அப்போது தென்படும். பக்கத்துப் பகுதி அலுவலகத்திலும் பதிய முடியுமா என்று கேளுங்கள், சில நகரங்களில் முடியும்.

இந்தப் பதிவிலிருந்துதான் அரசு எண் பிறக்கிறது. ஜெர்மனியில் 11 இலக்க வரி எண், ஜப்பானில் மை நம்பர் என்ற 12 இலக்க அடையாள எண், நெதர்லாந்தில் பி.எஸ்.என். என்ற குடிமக்கள் சேவை எண். கனடாவிலும் பிரிட்டனிலும் முகவரிப் பதிவு கிடையாது, எண்ணுக்கு நேராக விண்ணப்பிக்கலாம். எண் தாமதமானால் நஷ்டம் சம்பளத்தில் தெரியும். நெதர்லாந்தில் எண்ணும் அடையாள விவரமும் கொடுக்காத ஊழியருக்கு முதலாளி 52 சதவீத வரி பிடிக்க வேண்டும் என்பது விதி. ஜெர்மனியில் ஆறாம் வரிப் பிரிவில் தள்ளிவிடக்கூடும், பிடித்தம் அதிகமுள்ள பிரிவு அதுதான். கூடுதலாகப் பிடித்தது பின்னால் திரும்பக் கிடைக்கும். ஆனால் அட்வான்ஸ் கட்ட வேண்டிய மாதத்தில் அது கையில் இல்லாதது பெரிய இடி.

ஜெர்மனியில் அந்த வரி எண் தபாலில்தான் வரும். தபால்காரர் பார்ப்பது அடுக்குமாடியின் தபால்பெட்டியில் இருக்கும் பெயரை. கதவு எண்ணை நம்பி எதுவும் வராது. ஒரு மென்பொருள் பொறியாளர் வாரக்கணக்காக எதுவும் வரவில்லை என்று புலம்பினார். போய்ப் பார்த்தால் பெட்டியில் முந்தைய குடித்தனக்காரரின் பெயர். ஒரு துண்டுக் காகிதத்தில் பெயரை எழுதி டேப் ஒட்டினோம். வரி எண், வங்கி அட்டை, அதன் ரகசிய எண் என எல்லாம் அதற்குள் திரும்பிப் போயிருந்தன. மறுபடி ஒவ்வொன்றாக வரவழைத்தோம். எந்த நாடாக இருந்தாலும் சாவி வாங்கிய அன்றே தபால்பெட்டியில் பெயர் ஒட்டுங்கள்.

## வங்கி

முகவரிக்குக் காத்திருக்கும் நாட்களில் பாஸ்போர்ட்டை மட்டும் வைத்து ஆன்லைனில் கணக்கு திறக்கக்கூடிய வங்கி இருக்கிறதா பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி வசிக்கும் எவருக்கும் அடிப்படைக் கணக்கு பெறும் உரிமை உண்டு. முழு விண்ணப்பம் கொடுத்த பத்து வேலைநாளுக்குள் வங்கி திறந்து தரவோ காரணம் சொல்லி மறுக்கவோ வேண்டும். இன்னொரு ஐரோப்பிய ஒன்றிய நாட்டின் ஐபான் எண்ணில் (சர்வதேச வங்கிக் கணக்கு எண்) சம்பளம் போட மாட்டோம் என்று உங்கள் முதலாளி சொன்னால் அதுவும் விதிக்குப் புறம்பு. பணிவாக நினைவுபடுத்துங்கள், சம்பளப் பிரிவில் இருப்பவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

முதலாளியிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்: பெயர், பதவி, சேர்ந்த தேதி, சம்பளம், தற்போதைய முகவரி, கையெழுத்து, முத்திரை. சம்பளச் சீட்டு இல்லாத முதல் மாதத்தில் வங்கிக்கும் வீட்டுக்காரருக்கும் காட்ட இதுதான் இருக்கும். சம்பளப் பட்டியல் எந்தத் தேதியில் மூடப்படும் என்றும் கேளுங்கள். மாத நடுவில் சேர்ந்து, கணக்கு எண்ணை அந்தத் தேதி கடந்து கொடுத்தால் முதல் சம்பளம் அடுத்த மாதத்தோடு சேர்ந்துதான் வரும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் பழைய நாட்டில் எவ்வளவு ஒழுங்காகக் கடன் கட்டியிருந்தாலும் பொதுவாகப் பூஜ்யத்திலிருந்துதான் ஆரம்பம். அமெரிக்காவில் ஃபைகோ என்ற கடன் நம்பக மதிப்பெண் வரவே குறைந்தது ஆறு மாதக் கணக்கு வரலாறு வேண்டும். வைப்புத்தொகை கட்டி வாங்கும் கிரெடிட் கார்டு ஒன்றை முதல் மாதத்திலேயே எடுத்து, சின்னச் செலவுகளுக்குப் பயன்படுத்தி, மாதாமாதம் முழுத்தொகையையும் கட்டி வந்தால் போதும்.

## நிரந்தர வீடு

நேரில் பார்க்காத வீட்டுக்குப் பணம் அனுப்பாதீர்கள். வீட்டுக்காரர் வேறு நாட்டில் இருக்கிறார், சாவியைக் கூரியரில் அனுப்புவார், அதற்கு முன் அட்வான்ஸ் என்று வரும் கதை எந்த மொழியில் எழுதப்பட்டிருந்தாலும் மோசடிதான். நீங்கள் இன்னும் போய்ச் சேரவில்லையென்றால் உடன் வேலை செய்யப்போகும் ஒருவரைப் பார்த்து வரச் சொல்லுங்கள்.

அட்வான்ஸுக்கு வரம்பு உண்டா என்று கேளுங்கள். ஜெர்மனியில் அதிகபட்சம் மூன்று மாத அடிப்படை வாடகை, அதையும் மூன்று தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. இங்கிலாந்தில் பெரும்பாலான வீடுகளுக்கு ஐந்து வார வாடகைதான் வரம்பு, வீட்டுக்காரர் அதை 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் சேர்க்க வேண்டும். ஜப்பானில் ரெய்கின் என்ற பெயரில் கேட்பது திரும்ப வராது, ஷிகிகின் என்பதுதான் திரும்பி வரும் அட்வான்ஸ். விளம்பரத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் வாடகை வீட்டில் சமையலறை அலமாரியும் அடுப்பும் இல்லாமல் சுவர் மட்டும் இருப்பது வழக்கமான ஒன்று. இருக்கிறதா என்று கேட்காமல் கையெழுத்து வேண்டாம்.

சாவி வாங்கும் நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். காலி வீட்டை அறை அறையாக வீடியோ எடுங்கள். சுவர்க் கீறல், தரைக் கறை, ஜன்னல் தாழ்ப்பாள், குளியலறை மூலைகளில் பூஞ்சை. எல்லாக் குழாயையும் திறந்து மூடுங்கள். மின்சாரம், தண்ணீர், எரிவாயு மீட்டர்களை எண்ணும் வரிசை எண்ணும் தெரியும்படிப் படம் எடுங்கள். ஒப்படைப்புப் பட்டியலில் குறைகளை எழுதி வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். படங்களை அன்றே அவருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால் தேதிக்கு அதுவே சாட்சி. அட்வான்ஸ் திரும்பக் கிடைக்கவில்லை என்று என்னிடம் வருகிறவர்களில் இதைச் செய்தவர் எவரும் நினைவுக்கு வரவில்லை.

## உடம்பும் வரியும்

வேலை தொடங்கும் நாளுக்கும் காப்பீடு தொடங்கும் நாளுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதா பாருங்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வந்த மாதத்தின் மீதி நாட்களும் அதன்பின் இரண்டு மாதமும் அரசுக் காப்பீடு கிடையாது. அந்த நாட்களுக்குத் தனியார் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். நெதர்லாந்தில் நான்கு மாதத்துக்குள் காப்பீடு எடுக்க வேண்டும், எப்போது எடுத்தாலும் முதல் நாளிலிருந்து சந்தா கேட்பார்கள், ஆகவே தள்ளிப்போட்டு மிச்சம் பிடிக்க முடியாது. அங்கேயும் பிரிட்டனிலும் வீட்டுக்கு அருகில் உள்ள பொது மருத்துவரிடம் பெயர் பதிந்திருந்தால்தான் நிபுணரிடம் போக வழி பிறக்கும். காய்ச்சல் வரும்வரை காத்திருக்காமல் வீடு அமைந்த வாரமே பதிந்துவிடுங்கள். அவசர எண்ணைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்: ஐரோப்பிய ஒன்றியத்தில் 112, அமெரிக்கா கனடாவில் 911, ஆஸ்திரேலியாவில் 000, ஆம்புலன்ஸுக்கு ஜப்பானில் 119, சிங்கப்பூரில் 995.

வரியில் பலரும், ஆண்டில் 183 நாள் தங்கினால்தான் அந்த நாட்டில் வரி என்ற ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பல நாடுகளில் அதுவும் ஒரு அளவுகோல், அவ்வளவுதான். அமெரிக்காவில் இந்த ஆண்டின் நாட்களோடு சென்ற ஆண்டின் நாட்களில் மூன்றில் ஒரு பங்கையும் அதற்கு முந்தைய ஆண்டின் நாட்களில் ஆறில் ஒரு பங்கையும் கூட்டி 183 வருகிறதா என்று பார்ப்பார்கள். வேறு சில நாடுகளில் வீடும் குடும்பமும் எங்கே இருக்கின்றன என்பதும் கணக்கில் வரும். முதல் ஆண்டில் இரண்டு நாட்டிலும் வரிக்கணக்கு தாக்கல் செய்ய வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள், எல்லை தாண்டிய தேதிகளை ஒரு தாளில் எழுதி வாருங்கள். இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தத்தின் சலுகை கேட்க, வரிக்காக எந்த நாட்டில் வசிப்பவர் என்பதற்கான சான்று வேண்டும். சில சலுகைகளுக்குக் கெடுவும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் திறன்மிகு ஊழியர்களுக்கு நெதர்லாந்து தரும் வரிச்சலுகையை வேலை தொடங்கிய நான்கு மாதத்துக்குள் கேட்டால் முதல் நாளிலிருந்து கிடைக்கும், தாமதித்தால் போன மாதங்கள் போனதுதான்.

புரியாத மொழியில் வரும் கடிதத்தைக் குப்பையில் போடாதீர்கள். போன் கேமராவில் மொழிபெயர்த்து, தேதி எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். ஜெர்மனியில் அரசு முடிவை ஆட்சேபிக்கப் பொதுவாக ஒரு மாதம்தான். டிவியே இல்லாத வீட்டுக்கும் ஒளிபரப்புக் கட்டணம் கேட்டு அங்கே வரும் கடிதத்தை மோசடி என்று நினைத்துக் கிழித்தவர்கள் உண்டு. அது உண்மையான கட்டணம், வீட்டுக்கு ஒன்று.

மனிதர்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், அது அவரவர் சுபாவம். வாரம் ஒருமுறை ஒரே இடத்துக்கு, ஒரே நேரத்துக்குப் போகும் வழக்கம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மொழி வகுப்போ பூப்பந்தோ, எதுவானாலும் சரி. முகம் பழகினால் பேச்சு தானாக வரும்.

## கிளம்பும் நாளையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்

வந்து இறங்கிய மாதத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் வெளியேறும்போது கேட்கும் காகிதங்கள் எல்லாம் உள்ளே இருக்கும்போது சேர்க்க வேண்டியவை. சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியர் விலகினால் முதலாளி ஒரு மாதத்துக்கு முன்பே வரித்துறைக்குத் தெரிவித்து, கணக்கு தீரும்வரை கொடுக்க வேண்டிய பணத்தை நிறுத்தி வைக்க வேண்டும். கடைசி மாதச் சம்பளத்தை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள். ஜப்பானில் கட்டிய ஓய்வூதியச் சந்தாவில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம், நாட்டை விட்டுப் போன இரண்டு ஆண்டுக்குள் கேட்க வேண்டும். ஜெர்மனியில் முகவரிப் பதிவை ரத்து செய்தால் கிடைக்கும் சான்றை வைத்துத்தான் காப்பீடு, போன், இணைய ஒப்பந்தங்கள் பலவற்றை முடிக்க வேண்டியிருக்கும்.

சம்பளச் சீட்டு, ஆண்டு வரிச் சான்று, ஓய்வூதியக் கணக்கு எண், வேலை ஒப்பந்தம் எல்லாவற்றையும் மாதாமாதம் உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு இறக்கி வையுங்கள். அலுவலக இணையதளத்தில்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டால் கடைசி வேலைநாள் மாலையில் அந்தக் கடவுச்சொல் வேலை செய்யாது.